பெயர் வெட்டிய பாத்திரங்கள்

2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, ஆவணி முதல் நாள். காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பால் காய்ச்சினேன். அம்மாவுக்குப் பல் துலக்கிவிட்டு, ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்து, விழுங்கிவிட்டாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கணவர் கொசப்பாளையம் மார்க்கெட்டுக்குப் போய்க் கத்திரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கி வந்தார். மதியம் சாம்பார், பொரியல். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் போனில் பேசினான். சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சம்பளப் பணத்தைப் பிரிக்க உட்கார்ந்தேன்.

பிரிப்பது இப்போது போனிலேயே முடிந்துவிடுகிறது. வங்கிக் கணக்குக்குள் சின்னச் சின்ன அறைகள் வைத்துக்கொள்ளலாம்; ஒவ்வொன்றுக்கும் நாமே பெயர் கொடுக்கலாம். என்னிடம் நான்கு இருக்கின்றன. முதலாவதன் பெயர் ஆஸ்பத்திரி. அடுத்தவை வீடு, பண்டிகை, மகன் கல்யாணம். எப்போதும் முதலாவதில் போட்ட பிறகுதான் மற்றவற்றைத் தொடுவேன்.

பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"செவப்பு டப்பால போட்டியா?"

"போட்டேம்மா."

"அவளுக்குப் போட்டுட்டுதான் மத்தது. தெரியுதா?"

"தெரியும்மா."

அந்தச் சிவப்பு டப்பா இப்போது இல்லை. அது யாருக்காக இருந்ததோ அந்த அக்காவும் இல்லை. அவள் இறந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவுக்குத்தான் இரண்டு வருடமாக அது மறந்துபோய்விட்டது.

என்னோடு பள்ளியில் படித்தவர்களே, போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருத்தி கேட்டிருந்தாள்: "வர்ற காசு எங்கதான் போவுதுன்னே தெரியலடி. இந்த வயசுல இனிமே சேக்க ஆரம்பிச்சா ஆவுமா?" ஆளுக்கு ஒன்று சொன்னீர்கள். ஒருத்தி குடை படம் போட்ட பதிவு ஒன்றை அனுப்பினாள்; அவசரத்துக்கென்று தனியாகப் பணம் வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இன்னொருத்தி, "தெனம் டைரி எழுதுறவ அவதான், அவ கிட்ட கேளு, புள்ளி வெவரத்தோட சொல்லுவா" என்று என்னைக் கோத்துவிட்டாள். குழுவில் எழுத முடிகிற பதில் இல்லை என்னுடையது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம். உங்களில் சிலர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். ஒற்றைத் தறி வீடு. முன் அறை முழுக்கத் தறிதான். அதைத் தாண்டினால் சமையல் இடம், அதன் பலகையில் ஐந்து பால்பவுடர் டப்பாக்கள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் டப்பாவின் கழுத்தில் தறியில் மிஞ்சிய பட்டு நூலைக் கட்டி அடையாளம் வைத்திருந்தாள். மஞ்சள் நூல் கட்டியது தேசூர்ப் பக்கத்தில் இருக்கும் குலதெய்வத்துக்கு. பச்சை என் படிப்புக்கு. நீலம் தீபாவளிக்கு. ஊதா தறி பழுதானால் சரிசெய்ய. அரக்குச் சிவப்பு அக்கா கல்யாணத்துக்கு. நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்து முதலாளியிடம் கொடுத்துவிட்டு அப்பா கூலியோடு வந்தால் அன்றைக்கு வீட்டில் சத்தமே இருக்காது. அம்மா கை கால் கழுவிக்கொண்டு வந்து, விளக்கேற்றி, டப்பாக்களை வரிசையாக இறக்கி வைத்து, ஒவ்வொன்றிலும் போடுவாள். மிச்சத்தில்தான் அடுத்த சேலை வரைக்கும் சாப்பாடு.

ஒரு டப்பாவில் போட்டதை இன்னொன்றுக்கு எடுக்கக் கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம். அந்த வருடம் கோடை மழையில் கூரை ஒழுகியது. கூரைக்கென்று டப்பா இல்லை. அதனால் கூரை வேயவில்லை. ஒழுகிய இடங்களில் மண்சட்டியும் நெளிந்த அலுமினியக் குண்டானும் வைத்துவிட்டு நாங்கள் மூலைக்கு மூலை நகர்ந்து படுத்தோம். அக்கா, தன் கல்யாணத்துக்கென்று பாத்திரங்கள் அடுக்கியிருந்த பரணைப் பார்த்தபடி சொன்னாள்.

"மேல என் அண்டா சும்மாதான குந்திகினு கீது. அத்த எறக்கி வெச்சா இன்னா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே மழத்தண்ணி புடிக்கணுமா அதுல?" என்றாள் அம்மா.

"என் மாமியா வூட்ல ஒழுவாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்களா?"

அப்பா போர்வைக்குள்ளிருந்து சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அண்டா இறங்கவில்லை.

அப்பா யாரிடமும் கடன் வாங்காதவர். முதலாளியிடம் முன்பணம் வாங்காத தறி எங்கள் தெருவில் எங்களுடையது மட்டும்தான் என்று சொல்வார்கள். மற்ற வீடுகளில் சண்டை வந்தால், "அந்த வூட்டப் பாத்துக் கத்துக்க" என்று எங்கள் வீட்டைக் காட்டுவார்களாம். அப்பாவுக்கு அது தெரியும். தெருவில் நடக்கும்போது முதுகு நிமிர்ந்திருக்கும். இன்று புத்தகங்களிலும் போனிலும் சொல்லித்தருகிற எல்லாவற்றையும் அவர்கள் இருவரும் அன்றைக்கே செய்தார்கள். வரவுக்குள் வாழ்ந்தார்கள். முதலில் சேமித்தார்கள், பிறகு செலவழித்தார்கள். ஒவ்வொரு காசும் எதற்கு என்று தெரிந்து வைத்திருந்தார்கள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அவர்களைவிடக் கவனமான இரண்டு பேரை இந்த வயது வரை நான் பார்த்ததில்லை.

சிவப்பு டப்பா நிறைந்தால் அது பாத்திரமாக மாறும். அம்மா, அக்கா, நான் மூவரும் பஜாரில் இருந்த பாத்திரக் கடைக்குப் போவோம். கடைக்காரருக்குத் தடித்த கண்ணாடி. வாங்கிய பாத்திரத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சின்ன உளியாலும் சுத்தியாலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார். டக் டக் டக் என்று ஒரு சத்தம். எவர்சில்வரில் எழுத்து முளைத்து வருவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

"மொதல்ல பேர வெட்டுங்க, அப்புறம்தான் காசு" என்பாள் அம்மா.

வெட்டி முடித்ததும் அக்கா கட்டைவிரலால் எழுத்துகளைத் தடவிப் பார்ப்பாள். ஒருமுறை கடைக்காரரிடம் சொன்னாள்: "மாமா, பக்கத்துல கொஞ்சம் எடம் வுடுங்க. மாப்ள பேரும் வெட்டணும் இல்ல?"

"மாப்ள பேரு நீட்டா இருந்தா எடம் பத்தாதும்மா."

"அப்ப சின்னப் பேரா பாத்துக் கட்டிக்கிறேன்."

கடைக்காரர் உளியை வைத்துவிட்டுச் சிரித்தார். அம்மா, "வாய மூடிகினு வாடி, கட வீதியில மானத்த வாங்காத" என்று அவள் பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

திரும்பி வரும்போது நான் அம்மாவிடம் கேட்டேன், காசாகவே வைத்திருந்தால் என்ன என்று.

"காசா இருந்தா செலவாயிடும். பேர் வெட்டாத பாத்திரம்னா ஒரு ஆத்திர அவசரத்துக்குக் கடைக்குத் திரும்பிப் போயிடும். பேர் வெட்டிட்டா அது அவுளுது. உங்கப்பாவே கேட்டாலும் எடுக்க முடியாது."

அது எனக்கு மிகப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இன்று பாதியில் எடுக்க முடியாத வைப்புத் திட்டங்களில் பணம் போடச் சொல்லி வங்கியில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த உளிச் சத்தம்தான் கேட்கும்.

பள்ளி திறந்த கொஞ்ச நாளில் டீச்சர் சேமிப்பைப் பற்றிப் பாடம் நடத்தினார். எதற்கெல்லாம் சேமிக்க வேண்டும் என்று கேட்டு, நாம் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதினார். படிப்பு, பண்டிகை, வீடு, கல்யாணம் என்று சொன்னோம். யாரும் சொல்லாத ஒன்றை அவரே கடைசியில் எழுதினார்: மருத்துவம். உங்களில் யாருக்காவது அது நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை.

அன்று மாலை ஒரு காலி டப்பாவைத் தேடியெடுத்துக் கழுவி, வெள்ளை நூல் கட்டி, வரிசையில் ஆறாவதாக வைத்தேன்.

"இது இன்னாடி?" என்றாள் அம்மா.

"ஒடம்பு சரியில்லாம போனா டாக்டருக்கு."

அம்மா பலகையிலிருந்து அதை எடுத்த வேகத்தில் பச்சை நூல் டப்பா உருண்டு விழுந்தது. "நோவுக்குன்னு காசு எடுத்து வெப்பாங்களாடி எவளாவது? எனக்கு இன்னா வெச்சிருக்கன்னு அது வந்து நடு வூட்ல குந்திக்கும்." நூலை அறுத்து அடுப்பில் போட்டாள். பட்டு எரிந்தால் மயிர் கருகும் வாடை வரும். அது வெகுநேரம் வீட்டுக்குள் இருந்தது. டப்பாவில் உப்பைக் கொட்டி வைத்துவிட்டாள்.

இதை அம்மாவின் அறியாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது நோய்க்கென்று காசு எடுத்து வைத்தார்களா? எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூட இல்லை. நல்ல காரியத்துக்குச் சேர்த்தார்கள். கெட்டதற்குச் சேர்ப்பது அதைக் கூப்பிடுவது போல. அதைப் பெயர் சொல்லிப் பேசக்கூட மாட்டார்கள்.

ஆடி மாதம். குழாயடியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும்போது அக்கா வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிற்க ஆரம்பித்தாள். அதற்கு முந்தைய வருடம் அவளுக்குக் காய்ச்சலும் முட்டி வலியும் வந்து தானாகவே சரியாகியிருந்தன. இப்போது நான்கு வீடு நடந்தால் மூச்சு வாங்கியது. அம்மா முதலில் திட்டினாள். "வயசுப் பொண்ணு, ஒரு கொடம் தண்ணிக்கு இத்தினி எடத்துல நின்னு நின்னு வரா. நாளைக்குப் போற எடத்துல இன்னா சொல்லுவாங்க?" அக்கா பதிலுக்கு, "கொடத்துக்குதான்மா மூச்சு வாங்குது, எனக்கு இல்ல" என்றாள். ஆனால் ராத்திரியில் அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

அப்பா அவளை டாக்டரிடம் அழைத்துப் போனார். நானும் போனேன். டாக்டர் அவள் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவிடம் பேசினார்.

"இருதயத்துல ஒரு வால்வு சரியா தொறக்கல. இங்க பாக்குற வைத்தியம் இல்ல இது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க. அங்க காசு கேக்க மாட்டாங்க. ஆனா கொஞ்ச நாள் தங்கணும், மருந்து வெளிய வாங்கச் சொல்லலாம். தள்ளிப் போடாதீங்க."

அப்பா தலையாட்டினார். ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள்தான். ஆனால் போக வர வேண்டும். அங்கே தங்கவும் சாப்பிடவும் வேண்டும். அப்பாவும் அம்மாவும் போனால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை. இது எந்த டப்பாவிலும் இல்லாத செலவு. அன்றைக்குச் சாயங்காலம் அப்பா பலகையில் இருந்த ஐந்து டப்பாக்களையும் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஐந்தையும் சேர்த்தால் போய்வந்திருக்கலாம். அவர் ஒன்றையும் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. களம்பூரில் அரிசி மில்லில் வேலை. எப்போது வந்தாலும் ஒரு பை நொய்யும் வாய் நிறையக் கிண்டலும் கொண்டுவருவார். அன்றைக்குக் கிண்டல் பாதியிலேயே நின்றுவிட்டது.

"மாமா, மில்லு மொதலாளி கிட்ட நான் கேட்டு வாங்கியாறேன். ஜல்தியா கெளம்புங்க" என்றார் அப்பாவிடம்.

"கடன் வாணாம்பா. இதுவரைக்கும் வாங்கல."

"நான் வாங்குறேன், நீங்க வாங்கலன்னு வெச்சிக்குங்க."

"நீ வாங்குனா நான் வாங்குன மாதிரிதான்."

மாமா பரணைப் பார்த்துக் கையை நீட்டினார். "அப்ப அத்த எறக்குங்க. அண்டாவும் குண்டாவும் மூட்ட மூட்டயா அடுக்கி வெச்சிகினு, புள்ளைய மூச்சுக்கு அலைய வுட்டுகினு கீறீங்க. யக்கா, எதுக்கு சேக்குறன்னு ஒரு தபா யோசி."

"அவ கல்யாணத்துக்குச் சேத்தத ஒடைச்சா அவ கல்யாணமே நின்னுபூடும்டா" என்று அம்மா அழுதாள். "அவளுக்கே கெடுதல் பண்ண சொல்றியா?"

மாமா கோபத்தோடு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். நொய்ப்பை வாசற்படியிலேயே கிடந்தது.

மறுநாள் நான் பள்ளிக்குக் கிளம்பும்போதுதான் அது நடந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையல் இடத்துக்கு வந்தாள். ராட்டையில் தார்க்குச்சிகளுக்கு நூல் சுற்றுகிற இடத்திலிருந்து கொஞ்சம் வெள்ளை நூல் எடுத்து வந்திருந்தாள். சிவப்பு நூல் டப்பாவை இறக்கி, அதன் கழுத்தில் சிவப்புக்குப் பக்கத்திலேயே வெள்ளையைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அம்மா, இது என்னுதுதான? நான் இதுக்கு எடுத்துக்குறேன்."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள்.

"கல்யாணம் பண்ணிக்கறதுக்காவது நான் இருக்கணும் இல்லம்மா?"

அம்மா பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். பொத்திய கையாலேயே அவள் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். "அந்த வார்த்தைய சொல்லாதடி, என் கண்ணே, சொல்லாத." பிறகு டப்பாவை எடுத்து வெள்ளை நூலை அவிழ்க்கப் பார்த்தாள். நெசவு வீட்டுப் பெண் போட்ட முடிச்சு கையால் அவிழாது. பல்லால் கடித்து அறுத்தாள்.

அக்கா கேட்டது அந்த ஒரு முறைதான். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஆனாலும் அப்பாவால் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, அம்மா குழாயடிக்குப் போயிருந்த நேரம், பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கிப் பழைய வேட்டியில் மூட்டை கட்டினார். சின்னச் சொம்பு ஒன்றை என் கையில் கொடுத்தார். இருவரும் பாத்திரக் கடைக்குப் போனோம். அக்கா சுவரில் சாய்ந்தபடி நாங்கள் போவதைப் பார்த்தாள். அவள் கண் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பேர் வெட்டினதாச்சேங்க. நான் இத்த புதுசுன்னு யாருக்கு விப்பேன்? ஒருத்தி பேர் போட்டத இன்னொருத்தி சீருக்கு எடுத்துப் போவ மாட்டாளே. பழைய எவர்சில்வர் எடைக்குதான் எடுத்துக்க முடியும்."

அப்பா எவ்வளவு என்று கேட்டார். கடைக்காரர் தராசில் வைத்துச் சொன்னார். அப்பா அண்டாவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். போட்டதில் பாதிகூட வராது என்பது எனக்கே புரிந்தது.

"வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேத்ததுங்க" என்றார்.

"எனக்குத் தெரியாதா? நான்தான வித்தேன், நான்தான வெட்டினேன்." கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அப்பாவுக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார். "தறியில ஏத்துன பாவுல இன்னும் எத்தினி சேலை கீது?"

"ரெண்டு."

"ரெண்டுதான? தீபாவளிக்கு முன்ன அறுத்துடுவீங்க. கூலி முழுசா வந்துடும். அதுக்குள்ள எதுக்குங்க இவ்ளோ நஷ்டப்படணும்? எடுத்துகினு போங்க."

அப்பாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மூட்டையை மறுபடியும் கட்டினார். வரும்போது இருந்ததைவிட வேகமாக நடந்தார். சொம்பு திரும்பி வருகிறதே என்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா மூட்டையைப் பார்த்தாள்.

"திரும்பி வந்துடுச்சா?" என்றாள்.

"ரெண்டு சேலைம்மா. ரெண்டே ரெண்டு சேலை. அறுத்த அன்னிக்கே கெளம்பிடலாம்" என்றார் அப்பா.

அவள் சரி என்று தலையாட்டினாள். ராட்டையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

அந்த நாட்களை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவும் அம்மாவும் விடிவதற்கு முன்பே தறியில் உட்கார்ந்தார்கள். அரக்குச் சேலை, ஜரிகைக் கரை. அக்கா முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு தார் சுற்றினாள். வேண்டாம் என்று அம்மா சொன்னால், "நான் சுத்தலன்னா நீ தறிய வுட்டு எழுந்து வருவ. இன்னும் லேட்டாவும்" என்பாள். கொஞ்சம் சுற்றுவாள், நிறுத்தி மூச்சு வாங்குவாள், மறுபடி சுற்றுவாள். ராட்டைச் சத்தம் நின்றால் அப்பாவின் கையும் ஒரு நொடி நிற்கும். பிறகு ராட்டை ஓடும். தறியும் ஓடும். தன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகப் போகிற கூலிக்காக அவளும்தான் வேலை செய்தாள்.

முதல் சேலையை அறுத்தார்கள். கூலி வந்தது. மாமா கேள்விப்பட்டு ஓடிவந்தார். "இது போதும், கெளம்புங்க."

"தீபாவளி சேலைப்பா. மொதலாளி கிட்ட வாக்கு குடுத்துட்டேன். இன்னும் ஒண்ணுதான். அதுவும் ஆனா அங்க கை நெறைய வெச்சிகினு இருக்கலாம், யார் கிட்டயும் கை ஏந்த வேண்டியதில்ல."

அப்பா அதைச் சொன்னபோது அதில் ஒரு தவறும் தெரியவில்லை. மாமாவும் தலையாட்டிவிட்டுக் களம்பூருக்குத் திரும்பிவிட்டார்.

புரட்டாசி முடியும் சமயம். பள்ளி விட்டு வந்துகொண்டிருந்தேன். தெருமுனையிலேயே எங்கள் தறிச் சத்தம் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்ததும் பக்கத்து வீடுகளின் தறிச் சத்தமும் கேட்கவில்லை. எங்கள் தெரு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஓடினேன். அக்கா ராட்டைக்குப் பக்கத்தில் சரிந்தபடியே போய்விட்டாள் என்று சொன்னார்கள். அவள் விரலில் அரக்குச் சாயம் ஒட்டியிருந்தது. குளிப்பாட்டியும் அது போகவில்லை.

காரியம் முடிந்த பிறகு அப்பா தறியில் உட்கார்ந்தார். பாவில் கால் சேலை பாக்கி இருந்தது. முடித்துத்தான் ஆக வேண்டும். அம்மா ராட்டையின் பக்கமே போகவில்லை. போகத் தேவையும் இருக்கவில்லை. அக்கா சுற்றி வைத்த தார் கடைசி வரைக்கும் போதுமானதாக இருந்தது.

கூலி வந்தது. அம்மா கை கால் கழுவிக்கொண்டு, விளக்கேற்றி, டப்பாக்களை இறக்கினாள். மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்து, பழக்கத்தில் சிவப்பின் மூடியையும் திறந்துவிட்டாள். கையில் காசை வைத்துக்கொண்டு டப்பாவின் உள்ளே பார்த்தாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அந்த டப்பா பிறகு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

பாத்திரங்கள் பரணிலேயே இருந்தன. யாரும் அவற்றில் சமைக்கவில்லை, விற்கவும் இல்லை. எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அம்மா அதே கடைக்கு என்னை அழைத்துப் போனாள். கடைக்காரர் வழக்கம்போல உளியை எடுத்தார்.

"பேர் வாணாங்க" என்றாள் அம்மா.

அவர் உளியை அப்படியே கீழே வைத்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மறதி வரும் வரை அந்த விஷயத்தைப் பற்றி அம்மா என் காதுபடப் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான். அப்பா கடைசி வரை ஒன்றும் பேசவில்லை. எடைக்குப் போட்டிருந்தால் வந்திருக்கும் பணத்தை அவர் எத்தனை முறை மனதுக்குள் திரும்பத் திரும்பப் பார்த்தாரோ. அவர் போன பிறகு அம்மாவோடு அந்தப் பாத்திரங்களும் என் வீட்டுப் பரணுக்கு வந்தன.

கேட்ட தோழிக்கு என் பதில் இதுதான். இந்த வயதிலும் சேர்க்கலாம். கொஞ்சமாகச் சேர்த்தாலும் சரி. முதல் அறைக்கு, நீ வாயால் சொல்லக் கூசுகிற பெயரை வை. அதில் கை வைக்க முடியாதபடி எந்தப் பெயரையும் வெட்டிக்கொள்ளாதே. எதை நஷ்டத்துக்கு விற்றாலும் விற்றுவிட்டுக் கிளம்பு.

இதை எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்துதான் ஞாயிறு மாலை உட்கார்ந்தேன். பாதி எழுதியிருந்தபோது அம்மா கட்டிலில் இருந்து கூப்பிட்டாள்.

"இங்க வாடி."

போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண் தெளிவாக இருந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள், அடுத்த அறையில் யாரோ தூங்குவது போல.

"அவளுக்கு ராத்திரியெல்லாம் மூச்சு வாங்குது. எனக்குக் கேக்குது."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"மேல இருக்கிறத எறக்கு. கடையில குடுத்துட்டு வந்துடலாம். இன்னா குடுக்குறானோ குடுக்கட்டும், நஷ்டம்னாலும் பரவால்ல. நாளைக்கே மெட்ராஸ்க்கு இட்டுகினு போயிடலாம். உங்கப்பா கிட்ட நான் சொல்லிக்குறேன்."

"சரிம்மா."

"மறந்துடாத. தூங்கிப் போயிடாத."

"மறக்க மாட்டேம்மா. காலைல மொத வேல அதான்."

அம்மா கையை விட்டாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். வெகுநாள் கழித்து அவள் நிம்மதியாகத் தூங்கியதைப் பார்த்தேன். காலையில் எல்லாம் மறந்துவிடும் என்று கணவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை நான் எழுந்து வந்தபோது அம்மா வேறு புடவை மாற்றிக்கொண்டு, தானே தலையை வாரிக்கொண்டு, அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைத் தரையில் விரித்து வைத்திருந்தாள். வாசல் தெளிக்கவில்லை. பால் காய்ச்சவில்லை. முதல் வேலையாக ஏணியைச் சாத்திப் பரணில் ஏறினேன். தூசியைத் துடைத்து, அக்காவின் பெயரைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அண்டாவைத் தூக்கினேன். கீழே அம்மா இரண்டு கைகளையும் மேலே நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.